மண்ணடுக்கைப் படித்த மோட்டிமர் வீலர்

சங்க நூல்களில் வரும் யவனரைப் பற்றிப் பேசுவோர் அரிக்கமேட்டை எடுத்துக்காட்டாமல் விடுவதில்லை. ஆயின், அம்மேட்டின் காலத்தை மண்ணினின்றே வரையறுத்த சேர் மோட்டிமர் வீலரின் வரலாற்றைத் தமிழ் மாணாக்கர் அதிகம் அறியார். பழம்பொருள்களைத் தேடி எடுத்தமைக்காக அன்று, அவை கிடந்த அடுக்குகளைப் படிக்கக் கற்பித்தமைக்காகவே நான் அவரைப் போற்றுகின்றேன்.

1890இல் கிளாஸ்கோவில் பிறந்த வீலர், இலண்டனில் கிரேக்கமும் இலத்தீனும் பயின்றவர். ஒருவகையில் எம் இனத்தவரே. முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் பணியாற்றி வீரப்பதக்கம் பெற்றார். படையாளனின் ஒழுங்கு அவருடைய அகழ்குழிகளிலும் இறுதிவரை விளங்கிற்று. தம் நிலங்களை அகழ்ந்து ஒவ்வொரு பொருளின் இருப்பிடத்தையும் பதிந்துவைத்த பிட் ரிவர்ஸ் என்னும் தளபதியின் நூல்கள் அவருக்கு வழிகாட்டின. மனைவி தெஸ்ஸாவோடு இங்கிலாந்தின் பழைய ஊர்களிலும் கோட்டைகளிலும் அம்முறையைச் செப்பஞ்செய்தார். 1936இல் அவ்வம்மையார் மறைந்தார். இருவரும் பாடுபட்டு அமைத்த இலண்டன் தொல்லியல் நிறுவகம் மறு ஆண்டிலேயே திறக்கப்பெற்றது.

அவர் முறை யாது? குழியின் சுவர் நூல்பிடித்தாற்போலச் செங்குத்தாக இருத்தல் வேண்டும். நிறத்தாலும் இறுக்கத்தாலும் வேறுபடும் அடுக்குகளை அச்சுவரில் கத்தியால் கீறி எல்லை காண்பர்; ஒவ்வொன்றிலும் எண்ணிட்ட சீட்டைக் குத்துவர்; பின்னர் அளவுப்படி வரைந்துகொள்வர். ஓர் ஓடு எத்தனை அடி ஆழத்தில் கிடந்தது என்பதைக் காட்டிலும் எவ்வடுக்கில் கிடந்தது என்பதே முதன்மை. ஏனெனில் மேடு சமதளமன்று. ஒரே ஆழத்தில் ஒருபால் பழைய தெருவும் மறுபால் பிந்திய குப்பையும் கிடக்கலாம். பிற்காலத்தார் தோண்டிய குழியொன்று பழைய அடுக்குகளை ஊடறுத்திருப்பின், அதனடியில் கிடக்கும் நாணயத்தைக் கீழடுக்கோடு சேர்த்தெண்ணுதல் தவறு. குழி எவ்வடுக்கிலிருந்து தோண்டப்பட்டதோ அதனோடு சேர்த்தல் வேண்டும். ஏட்டுச்சுவடியில் இடைச்செருகலைக் கண்டு விலக்குவது போன்றதே இது.

எங்கள் ஹுன்னஸ்கிரியவில் மலையை வெட்டிச் செல்லும் வீதியோரத்தில் கறுத்த மேல்மண்ணும் அதன்கீழ்ச் செம்மண்ணும் கோடிட்டாற்போலத் தெரிவதை மாணாக்கருக்குக் காட்டுவதுண்டு. அஃது இயற்கையின் அடுக்கு. அகழ்வோன் தேடுவது மனிதன் இட்ட அடுக்கு.

1944இல் வீலர் இந்தியத் தொல்பொருள் துறையின் தலைமையை ஏற்றார். அவ்வாண்டே தட்சசீலத்தில் ஏறத்தாழ அறுபது மாணாக்கரைக் கூட்டிப் பயிற்றினார். சென்னை நூதனசாலை அலுமாரியொன்றில் உரோமானிய மதுச்சாடியின் உடைந்த கழுத்தைக் கண்டமை அவரைப் புதுச்சேரிக்கு ஈர்த்தது. 1945இல், பிரெஞ்சியர் ஆட்சியிலிருந்த அரிக்கமேட்டில் அகழ்ந்தார். இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துச் செந்நிற மட்கலங்கள் வனையப்பட்ட காலம் முன்னரே தெரிந்திருந்தது. ஆதலின் அவை கிடந்த அடுக்குக்குக் கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதியெனக் காலங்குறித்தார். உடன்கிடந்த உள்நாட்டு ஓடுகளுக்கும் காலம் புலனாயிற்று. உட்புறம் சிறு பொறிப்புகள் வட்டவட்டமாக அமைந்த ஓடுகள் அவற்றுட் சில. அத்தகையவை நம் கந்தரோடையிலும் அநுராதபுரத்திலும் கிடைத்துள்ளன. அதுவரை காலமறியாது கிடந்த தென்னாட்டுத் தொல்லியலுக்கு அரிக்கமேடு ஓர் அளவுகோலாயிற்று.

ஆயினும் அவரிடமும் பிழையுண்டு. மொகஞ்சதாரோவை முன்னர் அகழ்ந்தோர் அடுக்கைப் பாராது ஆழத்தை மட்டும் அளந்தனர் என்று அவர் கடிந்துரைத்தார். அது நேரிய கண்டனமே. ஆனால் அங்கே அவர்கள் எடுத்த எலும்புக்கூடுகளைக் கொண்டு, ஆரியர் அந்நகரை அழித்துக் கொன்றனர் என்று வீலர் தாமே முடிவுகட்டினார். 1964இல் ஜார்ஜ் டேல்ஸ் அம்முடிவை மறுத்து, அவ்வெலும்புக்கூடுகள் யாவும் ஒரே அடுக்கின, ஒரே நாளின என்பதற்குச் சான்றில்லை எனக் காட்டினார். வீலர் தந்த கோலாலேயே வீலர் அளக்கப்பட்டார். நம்மவருள் இன்றும் சிலர் அப்படுகொலைக் கதையைச் சான்றெனக் காட்டுவது எனக்கு உடன்பாடன்று; தமிழின் தொன்மைக்கு அக்கதையின் துணை வேண்டுவதில்லை.

அரிக்கமேட்டிலும் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி மீண்டும் அகழ்ந்து, குடியிருப்பு வீலர் கருதியதினும் முந்தியது, பிந்தியும் தொடர்ந்தது என நிறுவினார்.

வீலர் 1948இல் இந்தியப் பதவியினின்று நீங்கி, 1976இல் காலமானார். அவர் நிறுவிய இலண்டன் நிறுவகத்தில் பயின்றவருள் நம் நாட்டுச் சிரான் தெரணியகலையும் ஒருவர். 1969இல் அநுராதபுரத்தின் உள்நகரில் அடுக்கடுக்காக இறங்கி, அந்நகரின் கதை எழுத்துக்காலத்துக்கும் முற்பட்டது எனக் காட்டியவர் அவரே.