கடலை வென்ற தச்சர் – ஜான் ஹாரிசன்

சென்ற கல்வியாண்டின் அறிவியல் கண்காட்சிக்காக நாங்கள் ஐந்து பேர் ஒரு மரக் கடிகாரம் செய்ய முனைந்தோம். ஒட்டுப்பலகையில் வெட்டிய பற்சக்கரங்கள், அச்சுகள், ஊசல், எடைக்குண்டு யாவும் ஒரு பெட்டியில் வந்தன. படத்தைப் பார்த்துப் பொருத்துவது எளிதாகவே இருந்தது. ஊசலை ஆட்டிவிட்டோம், ஐந்து நிமிடம் ஓடி நின்றுவிட்டது. சக்கரங்கள் உரசுகின்றன என்றெண்ணித் தேங்காய் எண்ணெய் விட்டோம். மறுநாள் தூசி படிந்து பிசுபிசுத்து, கடிகாரம் அசையவே மறுத்தது! தச்சுத் தொழில் செய்யும் எங்கள் தோழியின் தந்தை வந்து பார்த்தார். எண்ணெயைத் துடைத்து, வெயிலில் உலர்த்தி, ஒவ்வொரு பல்லையும் உப்புத்தாளால் தேய்க்கச் சொல்லிக்கொடுத்தார். எண்ணெய் கடிகாரத்திற்கு நண்பனன்று என்ற இதே பாடத்தை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கற்ற ஒரு தச்சரின் வரலாற்றை அப்போதுதான் தேடிப் படித்தோம். அதனை உங்களோடு பகிர்ந்துகொள்வதில் மகிழ்கிறோம்.

ஜான் ஹாரிசன் 1693ஆம் ஆண்டு இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஃபௌல்பி என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை தச்சர். மகனும் அத்தொழிலையே கற்றார். பின்னர் குடும்பம் பாரோ என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஆலயப் பாடகர் குழுவை நடத்துவதிலும் மணிகளுக்குச் சுருதி சேர்ப்பதிலும் அவருக்கு ஈடுபாடு இருந்தது. கடிகாரத் தொழிலை அவருக்கு யாரும் முறையாகக் கற்றுத்தரவில்லை. ஆயினும் 1713இல், இருபது வயதில், பெரும்பாலும் மரத்தாலேயே ஒரு கடிகாரம் செய்து முடித்தார். ஓக் மரத்தில் சக்கரங்கள். அவற்றின் பற்கள் முறியாதிருக்க, மரத்தின் நரம்பு பல்லின் நீளத்திலேயே ஓடும்படி துண்டு துண்டாகப் பொருத்தினார். தச்சரின் கைக்குத் தெரிந்த நுட்பம் அது!

1722ஆம் ஆண்டையொட்டி பிராக்கில்ஸ்பி என்ற மாளிகைக்கு அவர் ஒரு கோபுரக் கடிகாரம் செய்தார். அக்காலத்து எண்ணெய் விரைவில் கெட்டியாகிக் கடிகாரங்களை நிறுத்திவிடும். எனவே, தன்னுள்ளேயே எண்ணெய்ப் பசை கொண்ட லிக்னம் வைட்டே என்னும் வன்மரத்தை உராயும் இடங்களில் வைத்தார். எண்ணெயே வேண்டாத அக்கடிகாரம் இன்றும் ஓடுகிறது. வெயிலில் ஊசல் நீளும், குளிரில் குறுகும். அதனால் நேரம் தவறும். இதற்கும் தம்பி ஜேம்ஸுடன் சேர்ந்து வழி கண்டார். பித்தளைக் கம்பிகளையும் எஃகுக் கம்பிகளையும் மாற்றி மாற்றி அமைத்து, ஒன்றின் நீட்சியை மற்றொன்று ஈடுசெய்யும்படி ஊசலை உருவாக்கினார்.

கடிகாரத்திற்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுழல்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். நம் பெரியகுளம் ஏறக்குறைய 77½ பாகைத் தீர்க்கரேகையில் உள்ளது. இந்திய நேரமோ 82½ பாகைக்கு உரியது. ஆகவே சூரியன் நமக்குச் சராசரியாக 20 நிமிடம் தாமதமாகவே உச்சிக்கு வருகிறது. இதுபோலவே, புறப்பட்ட ஊரின் நேரத்தைக் காட்டும் கடிகாரம் கப்பலில் இருந்தால், அதனை உச்சிப்பொழுதோடு ஒப்பிட்டுத் தாம் எங்கே இருக்கிறோம் என்று மாலுமிகள் அறியலாம். ஆனால் ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரம் எப்படி ஓடும்? 1707இல் வழி தவறிய ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் நான்கு சில்லி தீவுப் பாறைகளில் மோதி மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1714இல் பாராளுமன்றம், அரைப் பாகைக்கும் மிகாமல் தீர்க்கரேகையைக் கண்டறிய வழி சொல்வோருக்கு 20,000 பவுன் பரிசு அறிவித்தது.

ஹாரிசன் தம் வாழ்வையே இதற்கு அர்ப்பணித்தார். முதல் கடற்கடிகாரம் 1735இல் முடிந்தது. மறு ஆண்டு அது லிஸ்பனுக்குக் கப்பலில் சென்று வந்தது. திரும்பும் வழியில் மாலுமிகளின் கணக்குப் பிழையையே காட்டிக்கொடுத்தது. ஆயினும் அவருக்கு நிறைவில்லை. இரண்டாவதைச் செய்தார். மூன்றாவதற்கு மட்டும் 19 ஆண்டுகள் உழைத்தார். அதன் பின்பே, பெரிய கடிகாரம் வேண்டியதில்லை, கையடக்கமான கடிகாரமே கடலுக்கு ஏற்றது என்று உணர்ந்தார். இத்தனை ஆண்டு உழைப்பை ஒதுக்கி வைத்துவிட்டு வேறு வழியில் திரும்ப எத்தகைய துணிவு வேண்டும்!

அவ்வாறு உருவான நான்காவது கடிகாரத்தின் குறுக்களவு ஏறத்தாழ 13 செண்டிமீட்டர். 1761இல் அவர் மகன் வில்லியம் அதனை ஜமைக்காவுக்கு எடுத்துச் சென்றார். 81 நாட்களில் அது பிந்தியது 5 நொடிகளே! ஆனால் பரிசுக் குழுவினர் அதனைத் தற்செயல் என்று ஐயுற்றனர். மறு சோதனையிலும் கடிகாரம் வென்றது. அப்போதும் புதுப்புது நிபந்தனைகள் விதித்து, 1765இல் பாதித் தொகையை மட்டுமே தர இசைந்தனர். வானத்தைப் பார்த்துக் கணக்கிடும் முறையையே நம்பிய அறிஞர்களுக்கு, ஒரு தச்சரின் கைவேலை அதற்கு ஈடாகும் என்று ஏற்பது எளிதாயில்லை போலும். முதியவர் தளரவில்லை. மற்றொரு கடிகாரம் செய்தார். 1772இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் தாமே அதனைச் சோதித்து வியந்தார். மறு ஆண்டு பாராளுமன்றம் 8,750 பவுன் வழங்கியது. அப்போது அவருக்கு வயது 80. அறிவித்த பரிசு அப்பெயரில் அவருக்குக் கிடைக்கவேயில்லை. 1776 மார்ச் 24ஆம் நாள் அவர் மறைந்தார். நான்காவது கடிகாரத்தைப் போலவே செய்த மற்றொன்றைக் கேப்டன் குக் தம் இரண்டாம் உலகப் பயணத்தில் கொண்டு சென்று, அதன் சிறப்பை உலகறியச் செய்தார்.

நாம் அண்ணாந்து பார்க்கும் கொடைக்கானல் மலைமேலும் இக்கதையின் ஒரு சுவடு உண்டு. 1899இல் அங்கே தோன்றிய வானாய்வு நிலையத்திற்குச் சென்னை வானாய்வகத்திலிருந்து வந்தவற்றுள், ஹாரிசன் காலத்து லண்டன் கலைஞர் ஜான் ஷெல்டன் செய்த ஊசல் கடிகாரமும் ஒன்று.

எங்கள் மரக் கடிகாரம் கண்காட்சி நாளன்று ஓடியது. இருமுறை நின்றது, இருமுறையும் பற்களைத் தேய்த்து மீண்டும் ஓடவிட்டோம். நின்றுபோனதும் முதலில் எங்களுக்கு அழுகை வந்தது உண்மை. ஐம்பது ஆண்டுகள் ஒரே பணியில் நிலைத்து நின்ற அப்பெரியவரை நினைத்தபோது அது நாணமாக மாறியது. தோழியரே, பட்டமும் பதவியும் இல்லையே என்று யாரையும் எளிதாக எண்ணாதிருப்போம். நம் கைவேலை முதல்முறை தவறினால் மனம் தளராமல் இன்னொரு முறை முயல்வோம்.