காலவரிசையில் ஒரு குரல்

பழைய இசைத்தட்டுக்களை மறுபதிப்புச் செய்வது வெறும் வணிகமே என்போர் உளர். சிற்சில வேளைகளில் அது, ஒரு கலைஞர்மீது சுமத்தப்பட்ட பழியைத் துடைக்கும் பணியாகவும் அமைந்துவிடுகின்றது. அமெரிக்கக் கறுப்பினப் பாடகி டைனா வொஷிங்டனின் வரலாற்றை இதற்குச் சான்றாகக் காட்ட விரும்புகிறேன்.

ரூத் லீ ஜோன்ஸ் என்பது அவரது இயற்பெயர். 1924ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29ஆம் நாள் அலபாமா மாநிலத்து டஸ்கலூசா நகரிற் பிறந்த அவர், சிறுவயதிலேயே குடும்பத்தாருடன் சிக்காகோ சென்றார். தேவாலயத்திற் பியானோ வாசித்தும் பக்திப் பாடல்களைப் பாடியும் பண்பட்ட குரல் அவருடையது. ஒரு சொல்லையும் விழுங்காது, செதுக்கினாற்போல் உச்சரிக்கும் திறனை அவர் இறுதிவரை இழக்கவில்லை. லயனல் ஹம்ப்டனின் வாத்தியக் குழுவிற் சேர்ந்தபோது அவருக்கு வயது 18. 1946இல் மேர்க்குரி இசைத்தட்டு நிறுவனம் அவரை ஒப்பந்தஞ் செய்துகொண்டது.

அந்நாளைய அமெரிக்க வணிகம் இசையையும் நிறத்தால் வகுத்திருந்தது. கறுப்பினத்தார் வாங்கும் தட்டுக்களுக்கு ஒரு விற்பனைப் பட்டியல், ஏனையவற்றுக்கு வேறொன்று. 1951இல் டைனா, வெள்ளையரான ஹாங்க் வில்லியம்ஸின் நாட்டுப்புறப் பாணிப் பாடலொன்றைப் பாடினார். அதுவும் முதற்பட்டியலிலேயே இடம்பெற்றது. அவர் ஜாஸ் பாடினால், அதே நிறுவனம் எம்ஆர்சி என்ற வேறு முத்திரையைப் பொறித்து வெளியிட்டது.

அவ்வாறு வந்ததே 1954 ஓகஸ்டில் லொஸ் ஏஞ்சலிஸில், அழைக்கப்பட்ட இரசிகர் முன்னிலையிற் பதிவான ‘டைனா ஜாம்ஸ்’. பழைய 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே ஓடும். 1948இல் வந்த நெடுந்தட்டு அந்த வேலியை அகற்றியது. டைனா பாடி நிறுத்த, கிளிபர்ட் பிரவுனின் ட்ரம்பெட் அவசரமின்றி விடையிறுப்பதை இதிற் கேட்கலாம். பிரவுன் 1956இல், தமது 25ஆம் வயதில், வீதி விபத்தில் மாண்டார். அதை நினைந்து கேட்கையில் என் நெஞ்சு கனக்கின்றது.

1959இல், மெக்சிக்கோவின் மரியா கிரேவர் இசையமைத்த பாடலொன்றை வயலின்கள் சூழப் பாடினார் டைனா. பொதுப் பட்டியலில் முதற் பத்துப் பாடல்களுள் அது இடம்பிடித்தது. புளூசையும் ஜாஸையும் காசுக்குக் கைவிட்டார் என்று தூய இசைவாதிகள் குறைகூறினர். அப்பாடலுக்குக் கிராமி விருது வழங்கியோரோ, கறுப்பினத்தாரின் இசைக்கெனக் கருதப்பட்ட ‘ரிதம் அண்ட் புளூஸ்’ பிரிவிலேயே அதனை வைத்தனர்!

1980களின் பிற்பகுதியில், 1946 முதல் 1961 வரை மேர்க்குரிக்காக அவர் பாடியவை காலவரிசைப்படி ஏழு தொகுதிகளாக மறுபதிப்பாயின. அவ்வரிசையில் வைத்து நோக்கின், அப்பழி நில்லாது. வயலின் பாடலுக்கு எட்டாண்டுகள் முன்னரே அவர் வேற்றுப் பாணியை நாடியிருந்தார். அதற்கு முந்திய ஆண்டிலேதான் புளூஸ் அரசி பெசி ஸ்மித்தின் பாடல்களைப் பாடிய தட்டு வெளிவந்தது. நியூபோர்ட் ஜாஸ் விழாவிலும் அவர் பாடினார். ஒன்றை விட்டு மற்றொன்றுக்குத் தாவிய குரலன்று அது. எல்லாவற்றையும் ஒருங்கே ஆண்ட குரல் என்பதே என் துணிபு. மாறியவை பக்கவாத்தியமும் தட்டின் முத்திரையுமே.

1963 டிசம்பர் 14ஆம் நாள், டெட்ரொயிட் நகரில், உறக்க மருந்தின் அளவு மிஞ்சியதால் டைனா காலமானார். அப்பொழுது அவருக்கு வயது 39. மறு ஆண்டு, இளம் பாடகி அரீதா பிராங்க்ளின் அவர் நினைவாக ஒரு முழு இசைத்தட்டையே பாடி வெளியிட்டார். மறுபதிப்பு வருமுன்னரே அக்குரலின் ஒருமையை உணர்ந்தவர் அவர்.

இசையாயினும் இலக்கியமாயினும், வகைப்பெயர்களை நம்பித் தீர்ப்புரைப்பது எளிது. ஒருவரின் ஆக்கங்களை ஆண்டுமுறைப்படி ஒருசேர வைத்து ஆராய்வது கடினம். மாணவர்க்கு நாம் பயிற்றவேண்டியது பின்னதையே.