கருத்து வேறுபாட்டிற்கு இலக்கணம் வகுத்த இமாம் ஷாஃபிஈ (ரஹ்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...



மதுரை மாநகரின் பள்ளிவாசல்களில் பெரும்பாலானவை ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுபவை. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களிலோ ஷாஃபிஈ மத்ஹபே மேலோங்கியுள்ளது. இங்கிருந்து அங்கே செல்லும் நம் சகோதரர்கள், அஸர் பாங்கு நம் ஊரைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாக ஒலிப்பதைக் கேட்டு வியப்பதுண்டு. வானில் இருப்பது ஒரே சூரியன். தரையில் விழுவது ஒரே நிழல். உச்சிப்பொழுதின் நிழலை நீக்கி, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தின் ஒரு மடங்கை எட்டியதும் அஸர் நேரம் தொடங்குகிறது என்பர் ஷாஃபிஈ மத்ஹபினர். இரு மடங்கை எட்ட வேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பிரபலமான கருத்து. அவர்களுடைய மாணவர்களான இமாம் அபூயூசுஃப் (ரஹ்), இமாம் முஹம்மத் (ரஹ்) இருவரும் ஒரு மடங்கே போதும் என்றனர். நிழலை அளப்பதில் எவருக்கும் தகராறு இல்லை. அந்த அளவைக் குறித்து வந்துள்ள ஹதீஸ்களை விளங்குவதிலேயே வேறுபாடு உண்டாயிற்று.

ஒரே வேதம், ஒரே நபி (ஸல்), ஒரே கிப்லா. அவ்வாறிருக்க அறிஞர் பெருமக்கள் ஏன் வேறுபட்டனர்? இவ்வினாவை முறைப்படி ஆராய்ந்து, சட்டம் காணும் வழிமுறையை நூலாக வடித்துத் தந்த பெருந்தகையே இமாம் முஹம்மத் பின் இத்ரீஸ் அஷ்ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள்.

ஹிஜ்ரி 150-ல் (கி.பி. 767) பாலஸ்தீனத்தின் காஸா நகரில் இமாமவர்கள் பிறந்தார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் மறைந்ததும் அதே ஆண்டில்தான். குறைஷிக் குலத்தில் தோன்றியும் வறுமையே அவர்களின் சொத்தாக இருந்தது. தந்தை இளமையிலேயே இறந்துவிட, அன்னையார் குழந்தையை மக்காவுக்கு அழைத்து வந்தார்கள். ஏடு வாங்க வசதியின்றி எலும்புகளிலும், எழுதிக் கழித்த தாள்களின் மறுபுறத்திலும் பாடங்களை எழுதிவைத்தார்கள். சிறு வயதிலேயே குர்ஆனை மனனம் செய்தார்கள். பின்னர் ஹுதைல் கோத்திரத்தாருடன் பாலைவனத்தில் வாழ்ந்து, தூய அரபு மொழியையும் கவிதையையும் அம்பெய்தலையும் கற்றார்கள். ஒரு சொல் எத்தனை பொருள்களைத் தாங்கும் என்ற நுட்பம் அவர்களுக்குக் கைவந்தது அங்கேதான்.

அடுத்து மதீனாவுக்குச் சென்று, இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் அவர்களுடைய முவத்தா நூலைப் பாடம் கேட்டார்கள். மதீனாவாசிகளின் நடைமுறையே பெரும் சான்று என்பது அந்த அறிவுக்கூடத்தின் நோக்கு. பிற்காலத்தில் யமன் பகுதியில் அரசுப் பணியாற்றியபோது, கலீஃபாவுக்கு எதிரானவர்களுடன் சேர்ந்தவர்கள் என்ற பழி அவர்கள்மீது விழுந்தது. விசாரணைக்காகக் கலீஃபா ஹாரூன் ரஷீதின் முன் நிறுத்தப்பட்டு, அல்லாஹ்வின் அருளால் விடுதலை பெற்றார்கள். அச்சோதனையே அறிவின் மற்றொரு வாயிலைத் திறந்தது. இமாம் அபூஹனீஃபாவின் மாணவரான இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களிடம் இராக்கியரின் சட்டக்கலையைக் கற்று, அவர்களுடைய நூல்களைப் பிரதியெடுத்துக்கொண்டார்கள். மதீனாவின் அறிவையும் இராக்கின் அறிவையும் அவற்றின் உரியவர்களிடமே நேரில் கற்றதனால், இரு சாராரும் எங்கே, ஏன் பிரிகின்றனர் என்பதை அவர்களால் தெளிவாகக் காண முடிந்தது.

இமாமவர்களின் ஆய்விலிருந்தும், பின்வந்த அறிஞர்களின் விளக்கங்களிலிருந்தும் வேறுபாட்டின் காரணங்களை நாம் மூன்றாகச் சுருக்கிக் கூறலாம்.

முதலாவது, சொல்லே இரு பொருளைத் தாங்குவது. தலாக் சொல்லப்பட்ட பெண்ணின் இத்தா மூன்று குரூஃ என்று அல்பகரா அத்தியாயத்தின் 228-ஆம் வசனம் கூறுகிறது. அரபு மொழியில் அச்சொல் மாதவிடாயையும் குறிக்கும். இரு மாதவிடாய்களுக்கு இடைப்பட்ட தூய்மைக் காலத்தையும் குறிக்கும். ஹனஃபிகள் முன்னதையும், ஷாஃபிஈகள் பின்னதையும் கொண்டனர். ஒரு பெண் மறுமணம் செய்துகொள்ளும் நாள் இதனால் மாறுகிறது. இரு தரப்பும் குர்ஆனுக்குப் பணிந்தவர்களே.

இரண்டாவது, சான்று எல்லோருக்கும் ஒரே அளவில் எட்டாமை. நபித்தோழர்கள் பல நாடுகளில் பரவி வாழ்ந்தனர். மதீனாவில் அறியப்பட்ட ஒரு ஹதீஸ் கூஃபாவுக்கு எட்டாமல் இருந்திருக்கலாம். எட்டியும், அறிவிப்பாளரின் நம்பகத்தில் ஐயம் எழுந்திருக்கலாம்.

மூன்றாவது, கண்கூடான நடைமுறையை எவ்வளவு தூரம் ஆதாரமாகக் கொள்வது என்பது. மாதவிடாயின் குறைந்த அளவு ஒரு பகலும் ஓர் இரவும், கூடிய அளவு 15 நாட்கள் என்று இமாம் ஷாஃபிஈ (ரஹ்) முடிவு செய்தது, பெண்களிடம் காணப்பட்ட நடைமுறையை விசாரித்தறிந்தே. ஹனஃபி அறிஞர்களோ தமக்குக் கிடைத்த அறிவிப்புகளைக் கொண்டு மூன்று நாட்கள், பத்து நாட்கள் என்றனர்.

எல்லா வேறுபாடும் அனுமதிக்கப்பட்டதா? இல்லை. தமது அர்ரிஸாலா நூலில் இமாமவர்கள் இதற்கு எல்லை வகுத்தார்கள். குர்ஆனிலோ சுன்னாவிலோ ஐயத்திற்கிடமின்றித் தெளிவாக்கப்பட்டதில், அதை அறிந்தவர் மாறுபடுவது ஆகாது. பல பொருளுக்கு இடந்தருவதிலும், ஒப்புநோக்கி முடிவு காண வேண்டியதிலும் மாறுபடுவது குற்றமாகாது. இதற்கு அவர்கள் கிப்லாவையே உவமையாக்கினார்கள். கஅபாவைக் கண்ணால் காண்பவர் அதையே முன்னோக்க வேண்டும். தொலைவில் இருப்பவர் சூரியன், விண்மீன்கள், மலைகள், காற்று ஆகியவற்றின் துணையால் திசையைத் தேட வேண்டும். தேடிய இருவர் இரு திசைகளைக் கண்டால் அவரவர் தம் முடிவின்படியே தொழ வேண்டும். இலக்கு ஒன்று, தேடுவது கடமை, தேடாமல் மனம்போன பக்கம் திரும்புவதே குற்றம்.

தம் சொந்தக் கருத்தையும் அவர்கள் இதே தராசில் நிறுத்தார்கள். பக்தாதில் நிலைநாட்டிய கருத்துகள் பலவற்றை, வாழ்வின் கடைசி ஐந்தாறு ஆண்டுகளைக் கழித்த எகிப்தில் மீளாய்வு செய்து மாற்றினார்கள். அர்ரிஸாலாவையே திருத்தி எழுதினார்கள். முந்தியவை பழைய சொல் என்றும் பிந்தியவை புதிய சொல் என்றும் அழைக்கப்படுகின்றன. ஹதீஸ் சரியானது என உறுதிப்பட்டால் அதுவே தமது மத்ஹப் என்று மாணவர்களுக்கு வழிகாட்டினார்கள். அதன்படியே, மஃரிபின் நேரம் சிறிதளவே என்ற அவர்களின் புதிய சொல்லை விட்டு, செவ்வானம் மறையும்வரை நீளும் என்ற பழைய சொல்லே ஹதீஸுக்கு இசைவானது என இமாம் நவவி (ரஹ்) போன்ற ஷாஃபிஈ அறிஞர்களே தீர்ப்பளித்தனர். ஆசானின் சொல்லை விட்டதன் மூலம் ஆசானின் வழியைப் பேணினர்!

யூனுஸ் அஸ்ஸதஃபீ என்ற மாணவர் ஒரு நாள் அவர்களுடன் ஒரு சட்டப் பிரச்சினையில் வாதிட்டுப் பிரிந்தார். பின்னர் சந்தித்தபோது இமாமவர்களே அவருடைய கரத்தைப் பற்றிக்கொண்டு, ஒரு விஷயத்தில் ஒத்துப்போகாவிடினும் சகோதரர்களாய் இருப்பதே அழகல்லவா என்ற கருத்தில் பேசினார்கள். ஹிஜ்ரி 204, ரஜப் மாத இறுதியில் (கி.பி. 820) தமது 54-ஆம் வயதில் எகிப்தில் மறைந்தார்கள். கெய்ரோவில் அவர்களின் அடக்கத்தலம் இருக்கிறது.

அன்புச் சகோதரர்களே! இவ்வரலாறு நமக்கு இன்று ஏன் தேவை? அண்மைப் பத்தாண்டுகளில் பிறைப் பிரச்சினையால் ஒரே ஊரில் இரு பெருநாட்கள் வருவதை நாம் காண்கிறோம். ஒரே இல்லத்தில் ஒருவர் நோன்பிலும் மற்றவர் பெருநாளிலும் இருக்கும் நிலையும் வந்துள்ளது. ஓரிடத்துப் பிறை மற்ற இடங்களையும் கட்டுப்படுத்தும் என்பது ஹனஃபி மத்ஹபின் பிரபலமான சொல். உதயத்தலம் வேறுபட்டால் கட்டுப்படுத்தாது என்பது ஷாஃபிஈகளின் பிரபலமான சொல். ஷாமில் கண்ட பிறையை மதீனாவில் இப்னு அப்பாஸ் (ரலி) ஏற்காத செய்தியும் இரு விதமாய் விளங்கப்பட்டுள்ளது. அமாவாசையின் நேரத்தை வானியல் இன்று நிமிடக் கணக்கில் சொல்கிறது. பிறை தென்பட வாய்ப்பே இல்லை என்று கணக்கு உறுதியாகக் காட்டினால் பார்த்ததாகக் கூறும் சாட்சியத்தை ஏற்கலாகாது என்று, ஹிஜ்ரி 756-ல் மறைந்த ஷாஃபிஈ அறிஞர் தகிய்யுத்தீன் சுப்கீ (ரஹ்) அன்றே கூறினார்கள். பெரும்பாலான அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. கணக்கு சரியா என்பது ஒரு கேள்வி. மார்க்கம் கணக்கைப் பார்வைக்குப் பகரமாக்கியதா என்பது வேறு கேள்வி. முதலாவதற்குத் தொலைநோக்கி விடை சொல்லும். இரண்டாவதற்கு ஹதீஸ்களை ஆராய்ந்தே விடை காண வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறிந்தாலே நம் சச்சரவில் பாதி குறைந்துவிடும்.

மதுரையில் நாம் மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்து கிப்லாவை நோக்குகிறோம்; துருக்கியில் வாழும் சகோதரர் தெற்கு நோக்கித் தொழுகிறார். திசைகள் வேறு, முன்னோக்கும் கஅபா ஒன்றே. ஆகவே மாற்றுக் கருத்துடையவரிடம் ஆதாரம் கேட்போம், நம் ஆதாரத்தையும் காட்டுவோம்; ஆனால் அவருக்கு ஸலாம் சொல்வதை நிறுத்திவிடாதிருப்போம்.

வல்ல அல்லாஹ் இமாமவர்களின் மண்ணறையை ஒளிமயமாக்குவானாக! அறிவோடு வேறுபடவும் அன்போடு ஒன்றுபடவும் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.