தெருவில் கற்ற வயலின்!



வயலின் கற்க என்ன வேண்டும்? நல்ல ஆசிரியர் வேண்டும், வகுப்பு வேண்டும் என்பீர்கள். தெருவில் பார்த்தும், காதால் கேட்டும், நண்பர்களோடு சேர்ந்து வாசித்தும் ஒருவர் உலகப் புகழ் பெற்றார். அவர்தான் ஜாஸ் வயலின் மேதை ஸ்டெபான் கிராப்பெலி.

இவர் 1908ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாய் இறந்துவிட்டார். 1914இல் முதல் உலகப் போர் மூண்டது. இத்தாலியரான தந்தை ராணுவத்துக்குப் போக நேர்ந்தது. ஸ்டெபான் அநாதை இல்லத்தில் வளர்ந்தார். அங்கே வயிறாரச் சாப்பாடு கிடையாது. படுக்கை வெறும் தரைதான்.

போர் முடிந்து தந்தை திரும்பினார். மகனின் இசை ஆர்வம் அவருக்குத் தெரியும். கையிலோ பணமில்லை. என்ன செய்தார் தெரியுமா? தன் கோட்டு சூட்டை அடகு வைத்து, 12 வயது மகனுக்கு முக்கால் அளவு வயலின் ஒன்று வாங்கிக் கொடுத்தார்!

ஸ்டெபான் தெருவிலும் உணவகங்களிலும் வயலின் வாசிப்பவர்களின் விரல்களைக் கூர்ந்து கவனிப்பார். பிறகு தானே வாசித்துப் பார்ப்பார். இசைக் கல்லூரியிலும் சில ஆண்டுகள் படித்தார். 15 வயதில் வீட்டு முற்றங்களில் வாசித்துச் சில்லறை சம்பாதித்தார். பேசாத சினிமா ஓடிய தியேட்டரிலும் வாசித்தார்.

அப்போது அவர் மனதைக் கவர்ந்தது ஜாஸ். இது அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை. ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, அந்த நிமிடம் தோன்றும் கற்பனையைச் சேர்த்து வாசிக்க வேண்டும். இதைக் கல்லூரியில் சொல்லித் தரவில்லை. இசைத்தட்டுகளைக் கேட்டும், கூட வாசிப்பவர்களிடமிருந்தும்தான் கற்றார்.

1934இல் பாரிஸில் ஒரு ஹோட்டலில் அவர் வாசித்து வந்தார். ஓர் இடைவேளையில், தந்தி மாற்றிய வயலினைச் சோதிக்கச் சும்மா ஒரு மெட்டை வாசித்தாராம். அருகிலிருந்த கிதார் கலைஞர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டும் சேர்ந்துகொண்டார். ஜாங்கோ, ரோமா என்னும் நாடோடி இனத்தவர். தீ விபத்தில் அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் முடங்கியிருந்தன. இசைக் குறிப்பைப் படிக்கவும் தெரியாது. ஆனாலும் அபாரமாக வாசிப்பார்! தினமும் இடைவேளையில் இருவரும் வாசிக்க, மற்றவர்களும் கூடினார்கள். இப்படித்தான் ஒரு வயலின், மூன்று கிதார், ஒரு பெரிய பாஸ் கொண்ட ஐவர் குழு பிறந்தது. மேளமே இல்லாத இந்த ஜாஸ் குழு ஐரோப்பாவையே கவர்ந்தது.

1939இல் மீண்டும் போர் வந்தது. கிராப்பெலி லண்டனில் தங்கிவிட்டார். ஜாங்கோ பிரான்சுக்குத் திரும்பினார். போருக்குப் பின் சந்தித்துச் சேர்ந்து வாசித்தார்கள். ஆனால் 1953இல் ஜாங்கோ 43 வயதிலேயே காலமானார்.

நண்பர் போன பிறகும் கிராப்பெலி வில்லைக் கீழே வைக்கவில்லை. 1970களில், எழுதிய இசையை வாசித்தே பழகிய மேதை யெஹுதி மெனுகின் இவரோடு சேர்ந்து ஜாஸ் வாசித்தார். சென்னையில் பிறந்த கர்நாடக வயலின் கலைஞர் எல். சுப்ரமணியத்துடன் கிராப்பெலி வாசித்த இசைத்தட்டு 1984இல் வெளியானது. கர்நாடக இசையிலும் மனோதர்மம் உண்டல்லவா? இருவருக்கும் அது பொது மொழி ஆனது!

1997 டிசம்பர் 1ஆம் தேதி, 89 வயதில் அவர் மறைந்தார்.

குழந்தைகளே! வகுப்புக்குப் போக வசதியில்லையே என்று சோர்ந்துவிடாதீர்கள். நன்றாக வாசிப்பவரைக் கவனியுங்கள். காது கொடுத்துக் கேளுங்கள். நண்பர்களோடு சேர்ந்து பழகுங்கள். இடைவேளை கூட ஒரு வகுப்புதான்!