ஸர் அசுதோஷ் முகர்ஜி

பரீட்சையிலே தேறுவதும் பட்டம் பெறுவதுமே சர்வகலாசாலையின் பயன் என்று எண்ணுவார் நம்மிற் பலர். அவ்வெண்ணத்தை மாற்றுதற்கெனத் தம் வாழ்நாளைச் செலவிட்ட பெரியார் ஒருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

1864-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 29-ஆம் தேதி அசுதோஷர் கல்கத்தாவிற் பிறந்தார். தந்தையார் கங்காபிரசாதர் ஒரு வைத்தியர். பிரஸிடென்ஸி கலாசாலையிற் பயின்ற அசுதோஷர் 1885-இல் கணிதத்திலும், மறு ஆண்டிற் பௌதிக சாஸ்திரத்திலும் எம். ஏ. பட்டம் பெற்றார். மாணவராயிருந்தபோதே அவர் வரைந்த கணிதக் கட்டுரை இங்கிலாந்துப் பத்திரிகையில் வெளிவந்தது. கணித ஆராய்ச்சியே அவர் உள்ளம் நாடியது. ஆயினும், 1857-இல் தோன்றிய கல்கத்தா சர்வகலாசாலை அந்நாளிற் பரீட்சை நடத்தும் நிலையமாகவே இருந்தது. ஆராய்ச்சி புரிவார்க்கு அங்கே இடமில்லை. ஆகவே அவர் சட்டத்துறை புகுந்தார்; 1904-இல் உயர்நீதிமன்ற நீதிபதியானார். தமக்குக் கிட்டாத வாய்ப்பைப் பிறர்க்கு அளித்தமையே அவரது பெருமை என்போம்.

1906-இல் அவர் துணைவேந்தர் பதவி ஏற்றார். 1904-ஆம் ஆண்டின் சர்வகலாசாலைச் சட்டம் கல்வியை அரசாங்கத்தின் பிடிக்குள் அடக்கிவிடும் என்று தேசத்தலைவர்கள் அஞ்சினர். அசுதோஷரோ அச்சட்டத்தையே கருவியாகக் கொண்டு, பரீட்சை நிலையத்தைப் போதனை நிலையமாக்கினார். தாரகநாத் பாலித், ராஷ்பிஹாரி கோஷ் என்னும் வழக்கறிஞர் இருவரின் பெருங்கொடையைக் கொண்டு 1914-இல் விஞ்ஞானக் கலாசாலைக்கு அஸ்திவாரமிட்டார். 1919-இல் வங்காளி முதலிய இந்திய பாஷைகளும் எம். ஏ. வகுப்பிற்கு உரிய பாடங்களாயின. தாய்மொழியைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் நம்மனோர் இதனை மறத்தலாகாது.

ஆசிரியரைத் தெரிந்தெடுப்பதில் அவர் மாகாண வேற்றுமை பாராட்டினாரல்லர். நிதி இலாகாவில் உயர்ந்த உத்தியோகத்திலிருந்த ஸி. வி. ராமன் 1917-இல் அதனைத் துறந்து பௌதிகப் பேராசிரியரானார். சென்னைக் கிறிஸ்தவ கலாசாலையிற் பயின்ற ராதாகிருஷ்ணன் 1921-இல் தத்துவப் பேராசிரியராக அழைக்கப்பட்டார். இளைஞராயிருந்த மேகநாத் ஸாஹா, ஸத்யேந்திரநாத் போஸ் ஆகியோர்க்கும் அவர் இடமளித்தார்.

அவர்மீது குறை கூறினாரும் உளர். பட்டதாரிகளின் தொகையைப் பெருக்கித் தரத்தைத் தாழ்த்தினார் என்றனர். அதிகாரம் முழுவதையும் தம் கையிலே வைத்துக்கொண்டார் என்றும் சொல்லினர். இவற்றை முற்றிலும் தள்ளிவிட இயலாது. எனினும் அவ்வதிகாரத்தை அவர் எதற்காகக் கொண்டார் என்பது இறுதியில் விளங்கிற்று.

1921-இல் அவர் மீண்டும் துணைவேந்தரானார். சர்வகலாசாலையோ பணமுடையால் வருந்திற்று. அரசாங்கம் நிபந்தனைகளுடன் அளிக்க முன்வந்த பொருளை அவர் ஏற்க மறுத்தார். 1923-இல், அரசாங்கத்தை எதிர்த்தலை விடுவதாயின் பதவி நீடிக்கும் என்று கவர்னர் லிட்டன் பிரபு எழுதினார். அசுதோஷர் பதவியையே வேண்டாமென்றார். பதினேழு ஆண்டுகளுக்குமுன் அரசாங்கச் சட்டத்தைக் கருவியாகக் கொண்டவர், அரசாங்கத்திற்குத் தாம் கருவியாக இசைந்திலர்.

1924-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் தேதி, வழக்கொன்றன் பொருட்டுச் சென்றிருந்த பாட்னா நகரில் அவர் காலமானார். பரீட்சைக் காலம் நெருங்க, வினாக்களுக்கு விடை தேடி அலையும் நாம், விடை காணப்படாத வினாக்களுக்கும் கலாசாலையில் இடம் வேண்டுமென்று உழைத்த அவரை நன்றியுடன் நினைப்போமாக.