நீதிபதி ஏறிய நாடக மேடை

கூத்தாடி! ஒரு காலத்தில் இச்சொல்லை ஏச்சாகவே எறிந்தது நம் நாடு. இரவெல்லாம் விழித்திருந்து ஆட்டம் பார்ப்போம். விடிந்ததும் ஆடியவனுக்குத் திண்ணையில் இடம் தரமாட்டோம். கலை வேண்டும், கலைஞன் வேண்டாம்! என்னே நம் நியாயம்!

அந்த நியாயத்தைப் புரட்டிப் போட்டவர்களில் ஒருவர் பம்மல் சம்பந்த முதலியார். 1873-இல் பிறந்தவர். இளமையில் தமிழ் நாடகம் என்றாலே அவருக்கு வெறுப்பு. பல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த தெலுங்கு நாடகக் குழுவில், படித்தவர்கள் வேடமிட்டு நிற்கக் கண்டார். தெலுங்கில் முடிவது தமிழில் முடியாதா என்று எண்ணினார். 1891-இல் நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 18!

பின்னர் வழக்கறிஞரானார், நீதிபதியுமானார். மேடையை மட்டும் விடவில்லை. அரிதாரம் பூசினால் மானம் போகும் என்றோருக்கு அவர் வாழ்க்கையே விடை.

பாட்டிலேயே நீந்திய நாடகத்தில் உரைநடைக்கு அரியணை தந்தார். எழுதியவை 90-க்கும் மேல். சேக்சுபியரின் ஆம்லெத், அவர் கையில் அமலாதித்யன் ஆனான். கற்றதை மடியில் முடிந்துகொள்ளவும் இல்லை. சபையே பள்ளியாயிற்று. நடிப்பில் தேர்ச்சி பெறும் வழியை நூலாக்கினார். பேசும் படம் பற்றியும் எழுதினார். அவரது நாடக மேடை நினைவுகள், ஒரு காலத்தின் வரலாறு.

மேடையில் மனோகரனாக நின்றவர், 1936-இல் அக்கதை படமானபோது தந்தை வேடம் ஏற்றார். 1941-இல் சபாபதி திரையில் சிரிக்க வைத்தான். 1954-இல் கலைஞர் கருணாநிதியின் பேனாவும் சிவாஜியின் குரலும் சேர, மனோகரா வசனத்தை ஊரே மனப்பாடம் செய்தது. வேர் யாருடையது என்று எத்தனை பேர் நினைத்தோம்?

குறையே இல்லையா? உண்டு. அவர் சபை, வயிற்றுக்கு வேறு தொழில் இருந்தவர்களின் சபை. அங்கே கிடைத்த மதிப்பு, மேடையையே நம்பிப் பிழைத்த ஏழை நடிகனுக்கு உடனே கிட்டவில்லை. ஆனால், அந்த ஏழையின் குழுக்களும் அவர் நாடகங்களை ஆடின. அவை அவனுக்குச் சோறிட்டன. அதை மறைத்தால் நாம் நன்றி கொன்றவர்களாவோம்.

1959-இல் பத்மபூஷண் வந்தது. 1964-இல் கண் மூடினார். விருது அவருக்குக் கிடைத்தது. கூத்தாடி என்ற ஏச்சு தேய்ந்து, கலைஞர் என்ற மதிப்பு வளர்ந்ததே, அது நமக்குக் கிடைத்தது. அதைக் காப்பது நம் கடன்.