திலகரும் ராஜத்துரோகமும்

சட்டத்திலுள்ள ஒரு சொல்லுக்கு இதுவே பொருளென்று தீர்மானிக்கும் அதிகாரம் எவரிடம் இருக்கிறதோ, அவர் கையில்தான் பிரஜைகளின் சுதந்திரமும் இருக்கிறது. நியாய ஸ்தலங்களில் பழகிய நாம் இதைப் பலமுறை கண்டிருக்கிறோம். தமது வாழ்நாளையே விலையாகக் கொடுத்து இவ்வுண்மையை நம் தேசத்தாருக்கு விளக்கியவர் லோகமான்ய பால கங்காதர திலகர்.

1856-ம் வருஷம் ஜூலை 23-ந் தேதி ரத்னகிரியில் அவர் பிறந்தார். சட்டப் பரீக்ஷையில் தேறியும் பொருளீட்டும் வழியை நாடாமல், 1880-ல் நண்பர்களோடு புனாவில் ஒரு பாடசாலையையும், மறு வருஷம் மராட்டியில் 'கேஸரி', இங்கிலீஷில் 'மராட்டா' என்னும் பத்திரிகைகளையும் ஸ்தாபித்தார்.

ஸர்க்காரிடம் 'டிஸ்அபெக்ஷன்' உண்டாக்குவோரைத் தண்டிக்கும் 124-ஏ பிரிவு, 1870-ல் இந்தியன் பீனல் கோடில் சேர்க்கப்பட்டிருந்தது. அச்சொல்லின் பொருள் யாது? 1897-ல் புனாவில் பிளேக் நோய் பரவிற்று. அதிகாரிகளின் கெடுபிடியால் ஜனங்கள் மனங்கொதித்தனர். ஜூன் 22-ந் தேதி பிளேக் அதிகாரி ராண்டு சுடப்பட்டார். அதற்கு ஒரு வாரம் முன்பு, சிவாஜி உற்ஸவம் பற்றிக் கேஸரியில் வந்த விஷயங்களுக்காகத் திலகர் மீது வழக்குத் தொடரப்பட்டது. பம்பாய் ஹைகோர்ட்டில் ஜட்ஜ் ஸ்ட்ராச்சி, ஸர்க்காரிடம் அன்பில்லாமையே 'டிஸ்அபெக்ஷன்' என்று ஜூரிகளுக்குப் பொருள் கூறினார். ஐரோப்பிய ஜூரிகள் அறுவரும் குற்றவாளி என்றனர்; இந்தியர் மூவரும் அல்லர் என்றனர். திலகருக்குப் பதினெட்டு மாதம் கடுங்காவல் கிடைத்தது. வரி செலுத்து, விதிக்குக் கீழ்ப்படி என்று சட்டம் கட்டளையிடலாம். என்னை நேசி என்று கட்டளையிடலாகுமோ? ஆயினும் 1898-ல் அப்பிரிவில் துவேஷம், அவமதிப்பு என்பவற்றையும் சேர்த்து ஸர்க்கார் வலையை இன்னும் அகல விரித்தது.

1908-ல் முஸபர்பூரில் வெடிகுண்டினால் இரு மாதர் மாண்டனர். அடக்குமுறையால் குண்டு ஒழியாது, ஜனங்களுக்கு உரிமை கொடுப்பதே மருந்து என்ற கருத்தைத் திலகர் கேஸரியில் எழுதினார். மீண்டும் அதே பிரிவு அவர்மீது பாய்ந்தது. 1897-ல் அவருக்காக ஜாமீன் கோரி வாதாடிய தாவர், இப்பொழுது ஜட்ஜாக வீற்றிருந்தார். மராட்டியில் எழுதியதை இங்கிலீஷ் மொழிபெயர்ப்பைக் கொண்டு விசாரித்தார்கள். திலகர் தாமே வாதாடினார். மொழிபெயர்ப்பாளரைக் குறுக்கு விசாரணை செய்து, தம் சொற்களின் பொருள் திரிந்திருப்பதை எடுத்துக் காட்டினார். பல நாள் நீடித்த அந்த வாதம் இருபத்தொரு மணி நேரத்திற்கும் அதிகமாயிற்று. எழுவர் குற்றமென்றனர்; இருவர் இல்லை என்றனர். ஆறு வருஷ சிக்ஷை விதிக்கப்பட்டது. பம்பாய் ஆலைத் தொழிலாளிகள் ஆறு நாள் வேலை நிறுத்தம் செய்தனர். அதே ஜூலையில் நம் சிதம்பரம் பிள்ளையும் இதே பிரிவின் கீழ்த் தண்டனை பெற்றது வாசகர்கள் அறிந்ததே. மாந்தலே சிறையில் திலகர் 'கீதா ரகஸ்யம்' எழுதினார்; 1912-ல் மனைவியார் இறந்த செய்தியும் அங்கேதான் அவரை எட்டியது.

1914-ல் விடுதலையடைந்தவர், 1916-ல் ஹோம் ரூல் இயக்கத்தை மேற்கொண்டார். ஸர்க்கார் வேறு, உத்தியோகஸ்தர் வேறு. தெய்வத்தை நீக்க வேண்டுமென்பது நம் கோரிக்கையன்று, பூஜாரிகளை மாற்ற வேண்டுமென்பதே என்று பாமரருக்கும் விளங்கும்படி பேசினார். நன்னடக்கைக்காக இருபதினாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டார் ஜில்லா மாஜிஸ்திரேட். ஜின்னா ஹைகோர்ட்டில் வாதாடினார். பேச்சுக்களை முழுமையாகப் படித்து நோக்கிய ஜட்ஜுகள் அவ்வுத்தரவை ரத்து செய்தனர். இம்முறை சொல்லாராய்ச்சியில் வென்றவர் திலகரே. 1920 ஆகஸ்டு 1-ந் தேதி அவர் காலமானார்.

திலகரின் அபிப்பிராயங்கள் யாவும் நமக்கு உடன்பாடல்ல. 1891-ல் பெண்களின் ஸம்மத வயதை உயர்த்திய மசோதாவை அவர் எதிர்த்தது தவறென்றே கருதுகிறோம். ஆனால் நமக்கு ஒப்பானவற்றைப் பேசுவோருக்கு மட்டும் உரியதன்று பேச்சுரிமை.

சுயராஜ்யம் வந்த பின்னும் 124-ஏ பிரிவு நீங்கவில்லை. பலாத்காரத்தையோ பொதுஜனக் குழப்பத்தையோ தூண்டும் பேச்சுக்கே அது பொருந்துமென 1962-ல் சுப்ரீம் கோர்ட்டு குறுக்கிற்று; 2022-ல் அப்பிரிவை நிறுத்தியும் வைத்தது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தின் 152-வது பிரிவில் அச்சொல் மறைந்து, தேசத்தின் ஒற்றுமைக்கு அபாயம் விளைத்தல் என்னும் சொற்கள் வந்திருக்கின்றன. அபாயம் எது என்று வரையறுப்பவர் யார்? அது ஸ்ட்ராச்சியின் அகராதியாக ஆகிவிடாதபடி காப்பது ஜனங்களின் கடமை. திலகரை நினைந்து மாலை சூட்டுவோர் இதையும் நினைப்பார்களாக.